பட்டம் மட்டும் ஏன் மங்குகிறது?

தைப்பொங்கலன்று பின்னேரம். வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டப்போட்டி. ஒருவர் தன் புதிய டிஜிற்றல் கமராவில், வீட்டு அலுமாரியில் கிடந்த பழைய ஃபில்ம் கமராவின் வில்லையைப் பூட்டிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டத்துக்கு முச்சை கட்டுகிற நண்பரை இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று எடுக்கிறார். புருவ மயிர்கூட எண்ணலாம் போல விழுகிறது படம். பட்டம் எழுந்து வானத்துக்குப் போகிறது. வில்லையின் வளையத்தை முடிவிலிக் குறிவரை, இனித் திரும்பாது என்னும் மட்டும் திருப்பி எடுக்கிறார். பட்டம் மங்கல்.

வில்லையில் பழுதா? அதே வில்லையைப் பழைய கமராவில் திரும்பப் பூட்டினால் தூரத்துப் பட்டம் தெளிவாக விழும். புதிய கமராவில் பழுதா? அதன் சொந்த வில்லையோடு அதுவும் ஒழுங்காக வேலை செய்கிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. மூன்று மணி வெயிலில் எடுத்த பட்டம் ஓரளவு தெளிவாக இருக்கும். ஐந்தரை மணிக்கு எடுத்தது குழம்பிப்போயிருக்கும்.

இதற்கான விடை பத்திலொரு மில்லிமீற்றரில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பழைய வில்லைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி கைக்கு வந்துவிடும்.

உடல் போனாலும் உயிரோடிருப்பது

ஃபில்ம் கமராவில் காலத்தால் சாகிற பகுதிகள் பல. ஷட்டர் துணி உக்கும், ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு பொடியாகும், ஃபில்ம் கிடைப்பதே அரிதாகும். வில்லையோ கண்ணாடியும் பித்தளையும் அலுமினியமும்தான். அதில் பற்றரியும் இல்லை, மின்சுற்றும் இல்லை. வளையத்தைத் திருப்பினால் கண்ணாடித் தொகுதி முன்னும் பின்னும் நகரும். இன்னொரு வளையத்தைத் திருப்பினால் துவாரம் சுருங்கி விரியும். அவ்வளவுதான் அதன் இயந்திரம்.

பற்றரி வேண்டாத பொருளின் அருமை யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும். 1990களில் போர்க்காலத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 1965இல் வெளிவந்த சோவியத் கமராவான செனிற்-ஈ, ஒளியை அளப்பதற்குக்கூடப் பற்றரி கேட்காது. செலீனியம் என்ற தனிமத்தின் மேல் விழும் ஒளியே அதன் முள்ளை நகர்த்திவிடும்.

அந்தக் கமராவோடு பரவலாக வந்த வில்லை ஹீலியொஸ் 44-2. மொஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையின் பெயரோடு உலகெங்கும் போனது. 1930களில் ஜேர்மனியின் சைஸ் நிறுவனம் உருவாக்கிய பயோற்றார் வில்லையின் வடிவமைப்பைத் தழுவியது. குவியத் தூரம் 58 மில்லிமீற்றர். மிகத் தொலைவிலுள்ள பொருளின் விம்பத்தை அது எவ்வளவு தூரத்தில் குவிக்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. இந்த அத்தியாயம் முழுவதும் நம்மோடு வரப்போவது இந்த ஒரு வில்லைதான்.

ஆடி அகன்றதால் கிடைத்த இடம்

வில்லையை மாற்றக்கூடிய ஒவ்வொரு கமராவிலும் வில்லை வந்து அமரும் உலோக வளையம் ஒன்று உண்டு. அந்த வளையத்திலிருந்து ஃபில்ம்வரை, அல்லது இன்றைய கமராவில் ஒளியுணரிவரை, உள்ள இடைவெளியை அமர்வுத் தூரம் என்று அழைப்போம். வில்லையைச் செய்தவர் இந்தத் தூரத்தை நம்பித்தான் தன் கண்ணாடிகளை அடுக்கியிருப்பார். ஹீலியொஸ் 44-2 எதிர்பார்க்கும் அமர்வுத் தூரம் 45.46 மில்லிமீற்றர்.

அவ்வளவு இடைவெளி ஏன் தேவைப்பட்டது? செனிற் போன்ற பழைய கமராக்களில் வில்லைக்கும் ஃபில்முக்கும் நடுவே ஓர் ஆடி சாய்ந்து நின்று, விம்பத்தைக் கண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. படமெடுக்கும் கணத்தில் அது மேலே மடியும். அது மடிந்து எழும்ப இடம் வேண்டும். 2008இல் பானசொனிக், ஆடி இல்லாத கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013இல் சொனி, பழைய 35 மில்லிமீற்றர் ஃபில்மின் சட்டத்தளவு முழு உணரியோடு ஆடியில்லாக் கமராவை வெளியிட்டது. ஆடி போனதும் அமர்வுத் தூரமும் சுருங்கியது. சொனியில் அது 18 மில்லிமீற்றர்.

45.46இலிருந்து 18ஐக் கழித்தால் 27.46. அவ்வளவு தடிப்பில் வெறும் உலோகக் குழாய் ஒன்றை நடுவே வைத்தால் போதும். பழைய வில்லைக்குத் தன் பழைய கமராவிலேயே அமர்ந்திருப்பதாகத் தோன்றும். கடைகளில் அடப்டர் என்று விற்கிற இணைப்பு வளையம் இதுதான். அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லை.

மாறாக, அமர்வுத் தூரம் கூடிய கமராவில் இதைச் செய்ய முடியாது. ஆடியுள்ள நிக்கொன் கமராக்களில் அது 46.5 மில்லிமீற்றர். ஹீலியொஸ் கேட்பதைவிட 1.04 மில்லிமீற்றர் அதிகம். வளையமே இல்லாமல் வில்லையை ஒட்டிவைத்தாலும் மூன்று மீற்றர் சொச்சத்துக்கு அப்பால் எதுவும் தெளியாது. எப்படி மூன்று மீற்றர் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

மரை பொருந்துவது வேறு, தூரம் பொருந்துவது வேறு. ஆரம்பகாலச் செனிற் வில்லைகளுக்கும் லைக்காவின் பழைய வில்லைகளுக்கும் ஒரே 39 மில்லிமீற்றர் மரை. ஒன்றின் அடப்டரில் மற்றது அழகாக ஏறிவிடும். ஆனால் செனிற் கேட்பது 45.2 மில்லிமீற்றர், லைக்கா கேட்பது 28.8. வாங்குகிறவர்கள் ஏமாறுகிற இடம் இது.

ஒரு பட்டத்தைக் கணக்கில் பிடிப்போம்

வில்லைக்குக் கிட்டவாக ஒரு பொருள் வந்தால் அதன் விம்பம் சற்றுப் பின்தள்ளி விழும். அதனால் வில்லையை உணரியிலிருந்து முன்னோக்கி நகர்த்துகிறோம். எவ்வளவு நகர்த்த வேண்டும்? தூரத்துப் பொருட்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. 58ஐ 58ஆல் பெருக்கினால் 3364. பொருளின் தூரத்தை மில்லிமீற்றரில் எழுதி, 3364ஐ அதனால் வகுத்துவிடுங்கள்.

ஒரு மீற்றர் தூரத்திலுள்ள முகத்துக்கு வில்லை சுமார் மூன்றரை மில்லிமீற்றர் முன்னே வரவேண்டும். 33 மீற்றர் தூரத்து மரத்துக்குப் பத்திலொரு மில்லிமீற்றர் போதும். 200 மீற்றர் தொலைவில் நிற்கும் பட்டத்துக்கு 0.017 மில்லிமீற்றர்.

இன்னும் தள்ளிப் போவோம். கரையில் நிற்கிற ஒருவரின் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றரில் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை பாய்விரித்துப் போன அன்னபூரணி என்ற கப்பல் ஏறத்தாழ 90 அடி நீளம். அப்படியொரு கப்பல் அடிவானத்தில் நின்றால், ஹீலியொஸ் அதை உணரியின்மேல் மூன்றிலொரு மில்லிமீற்றர் நீளத்தில் வரையும். அதற்காக வில்லை முன்னே வரவேண்டியது 0.00075 மில்லிமீற்றர். அந்தக் கப்பலுக்கு மேலே நிலவு இருந்தால் அதற்கு வேண்டிய நகர்வு நடைமுறையில் சுழியம். நாலரைக் கிலோமீற்றரும் 3,84,400 கிலோமீற்றரும் வில்லைக்கு ஒன்றுதான். வளையத்தில் பொறித்திருக்கும் முடிவிலி என்பதன் பொருள் இவ்வளவே.

இப்போது அந்த எண்களைத் திரும்பப் பாருங்கள். ஒரு மீற்றரிலிருந்து 33 மீற்றருக்குப் போக மூன்றரை மில்லிமீற்றர் செலவாகிறது. 33 மீற்றரிலிருந்து நிலவுவரை போக மிச்சமிருப்பது பத்திலொரு மில்லிமீற்றர்தான்.

பட்டம் ஏன் மங்கியது என்பது இங்கே தெளிகிறது. அவர் சொனிக் கமராவில் ஹீலியொசைப் பூட்டினார் என்று வைத்தால், அவரது அடப்டர் 27.46க்குப் பதிலாக 27.56 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்திருக்கிறது. வளையத்தை முடிவிலிவரை திருப்பியும் வில்லை 0.1 மில்லிமீற்றர் முன்னே தள்ளியே நிற்கிறது. ஆகவே அது பார்க்கக்கூடிய ஆகத் தொலைவு 33 மீற்றர். இரண்டு மீற்றரில் நின்ற நண்பருக்கு எந்தக் குறையும் இல்லை. வளையத்தைச் சற்று வேறிடத்தில் நிறுத்தினால் கணக்குச் சரியாகிவிடுகிறது. தூரத்துப் பட்டத்துக்குத்தான் வளையத்தில் இடமில்லாமல் போகிறது. நிக்கொனில் 1.04ஆல் வகுத்தால் 3.2 மீற்றர் என்று வருவதும் இதே கணக்கால்தான்.

மங்கலின் அளவையும் பார்க்கலாம். பட்டத்துக்கு வேண்டியது 0.017, வில்லை நிற்பது 0.1, பிழை 0.083 மில்லிமீற்றர். துவாரம் முழுவதும் திறந்திருக்கும்போது, அதாவது எஃப் 2இல், ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி உணரியில் இந்தப் பிழையில் பாதி அகலமுள்ள வட்டமாக விரியும்: 0.04 மில்லிமீற்றர். 24 மெகாபிக்சல் முழுச் சட்ட உணரியில் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.006 மில்லிமீற்றர். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் ஏழு படப்புள்ளிகளுக்குப் பரவி நிற்கிறது. இரண்டு மீற்றர் அகலமான கொக்குப் பட்டம் அந்தத் தூரத்தில் மொத்தமே 97 படப்புள்ளி அகலம்தான். அதன் மூங்கில் சட்டம் மூன்று சென்ரிமீற்றர் தடிப்பென்றால் படத்தில் ஒன்றரைப் புள்ளி. ஏழு புள்ளி மங்கலில் அது கரைந்துபோகும்.

துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கினால் வட்டத்தின் அகலம் அந்தப் பிழையில் பாதியாக இல்லாமல் எட்டிலொன்றாகிறது. மங்கல் வட்டம் 0.01 மில்லிமீற்றர், இரண்டு புள்ளிக்கும் கீழே. மூன்று மணி வெயிலில் துவாரத்தைச் சுருக்கி எடுத்தபோது பட்டம் தெளிந்ததும், வெளிச்சம் குறைந்து துவாரத்தைத் திறந்தபோது குழம்பியதும் இதனால்தான்.

மெலிந்தால் தப்பலாம், தடித்தால் ஆபத்து

முச்சையில் முடிச்சு ஒரு விரற்கடை விலகினாலே ஆள் உயரப் பட்டம் சுற்றிச் சுற்றி விழுவதை வல்வெட்டித்துறைச் சிறுவர்கள் அறிவார்கள். அமர்வுத் தூரத்தின் இயல்பும் அத்தகையதுதான், ஆனால் பிழை ஒரு பக்கம் போனால் மட்டுமே விழுத்தும். அடப்டர் தடித்தால் முடிவிலி கிடைக்காது. மெலிந்தால் முடிவிலி வளையத்தின் முடிவுக்குச் சற்று முன்னரே வந்துவிடும். பட்டம் தெளிவாகவே விழும். வளையத்திலுள்ள தூர எண்கள் மட்டும் பொய் சொல்லும். இதை அறிந்தே பல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சற்று மெல்லியதாகக் கடைகிறார்கள்.

உங்கள் அடப்டர் எந்தப் பக்கம் என்று பார்க்க உயர்தரப் பௌதிகவியல் ஆய்வுகூடமே போதும். பத்திலொரு மில்லிமீற்றர் மட்டும் காட்டும் வேணியர் இடுக்கி இங்கே போதாது. நுண்மானித் திருகுக் கணிச்சியால், அதன் வாய் கொள்ளும் அளவென்றால், வளையத்தைச் சுற்றி நாலு இடத்தில் அளவுங்கள். நாலும் ஒன்றாக இல்லாவிட்டால் வளையம் சரிவாகக் கடையப்பட்டிருக்கிறது. படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். அதைத் திருத்த முயல்வதைவிட வேறு வாங்குவது நல்லது. சீராக மெலிந்திருந்தால் மெல்லிய உலோகத் தகட்டை வளைய வடிவில் வெட்டி நடுவே வைக்கலாம். சீராகத் தடித்திருந்தால், வில்லையின் தூர வளையத்தைப் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளைத் தளர்த்தி, நிற்கும் இடத்தைச் சற்று மாற்றிப் பூட்டலாம். பல பழைய வில்லைகள் இதற்கு இடம் கொடுக்கும்.

அளக்கக் கருவி இல்லாதவருக்குக் கடல் இருக்கிறது. கமராவை முக்காலியில் நிறுத்தி, துவாரத்தை முழுவதும் திறந்து, அடிவானத்திலுள்ள படகொன்றைத் திரையில் பத்து மடங்கு பெருக்கிப் பாருங்கள். வளையத்தைத் திருப்பும்போது தெளிவு வந்து, பிறகு சற்றே கெடவேண்டும். தெளிவு கூடிக்கொண்டே போய் வளையம் முட்டி நின்றுவிட்டால் அடப்டர் தடிப்பு. பகலில் கடலின் மேல் வளி கொதித்து அலையும். அதிகாலைதான் இந்தச் சோதனைக்கு நேரம்.

உப்பும் ஈரமும்

கரையோர வீடுகளில் வில்லைகளுக்கு வருகிற நோய் பூஞ்சணம். பாடப்புத்தகத்தில் பங்கசு என்று படித்தது இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளியின் ஈரப்பதன் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கிறது. ஈரப்பதன் 60, 70 வீதத்தைத் தாண்டி நாட்கள் நீடித்தால் வித்திகள் முளைக்கும். கண்ணாடி அவற்றுக்கு உணவாகாது. அதன்மேல் படிந்த விரல் எண்ணெயும் துணி நாரும் கிறீசின் ஆவியும்தான் உணவு. வலைபோலக் கிளைவிட்டுப் பரவும் இழைகள் அமிலங்களைக் கசியவிடுகின்றன. முதலில் மேற்பூச்சு அரிபடும், பிறகு கண்ணாடியே அரிபடும். பூஞ்சணத்தைத் துடைத்துவிடலாம், அரிப்பைத் துடைக்க முடியாது. மழைக்கால முடிவில் ஒருமுறை எல்லா வில்லைகளையும் டோர்ச் வெளிச்சத்தில் ஊடுருவிப் பார்ப்பது அதனால்தான் அவசியம்.

தோல் உறைகளைப் பற்றி ஒரு கடுமையான வார்த்தை. கமராவோடு வந்த அழகான தோல் உறைதான் பல வில்லைகளைக் கொன்றது. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், தானே பூஞ்சணத்துக்கு உணவுமாகும். உறையை நினைவுக்காக வைத்திருங்கள். வில்லையை அதற்குள் வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பைகளும் ஈரப்பதன் மானியும் போதும். 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருங்கள். இன்னும் காயவைத்தால் கிறீஸ் வறளும்.

ஒரு வில்லையின் பூஞ்சணம் மற்றதுக்குத் தொற்றும் என்று பலர் அஞ்சுகிறார்கள். வித்திகள் ஏற்கெனவே எல்லா வளியிலும் இருக்கின்றன. காவல்காக்க வேண்டியது ஈரத்தைத்தான்.

துடைப்பதில் ஒழுங்கு முக்கியம். கடற்கரைத் தூசியில் கண்ணாடியைவிடக் கடினமான மணல் துகள் இருக்கும். முதலில் ஊதுபந்தால் ஊதி, மென்தூரிகையால் தட்டிவிட வேண்டும். உலர்ந்த உப்புப் படிந்திருந்தால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். பூஞ்சணத்துக்குப் பாமசியில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டுப் போதும். துணியில் தொட்டு, நடுவிலிருந்து வெளியே சுற்றித் துடைத்து, உடனே காய்ச்சி வடித்த நீரால் எடுத்துவிடுங்கள். ஹீலியொசில் ஆறு கண்ணாடிகள் நாலு தொகுதிகளாக இருக்கின்றன. இரண்டு சோடிகள் ஒட்டப்பட்டவை. அந்தச் சோடிகளைத் திரவத்தில் ஊறவைத்தால் பசை விட்டுப்போகும்.

திறக்கத் துணிபவருக்கு

வளையம் இறுகியிருந்தால் காரணம் பெரும்பாலும் காய்ந்த கிறீஸ். வில்லையை முன்பின் நகர்த்தும் திருகுமரைகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. ஒரே வட்டத்தில் பல தொடக்கங்கள் கொண்ட மரைகள் அவை. எந்தத் தொடக்கத்திலும் பொருந்தும், ஆனால் ஒன்றில்தான் முடிவிலி சரியாக வரும். கழற்றும்போது இரண்டும் பிரிகிற அந்தப் புள்ளியில் ஊசியால் கோடு கீறிவிடுங்கள். இதைச் செய்யாமல் கழற்றியவர் மேலே போட்ட கணக்கையெல்லாம் மறுபடி தொடங்க வேண்டிவரும்.

ஜப்பானிய வில்லைகளின் திருகாணித் தலைகள், நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் நாலுமுனைத் திருப்புளிக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. தலை சிதையும். அதற்கென்று செய்த திருப்புளி இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

பழைய வில்லைகளில் மஞ்சளாகிப்போனவையும் உண்டு. ஜப்பானிய சுப்பர் டக்குமார் 50 மில்லிமீற்றர் எஃப் 1.4 வில்லைகள் பலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. ஒளியைக் கூடுதலாக முறிக்கவும் நிறப்பிழையைக் குறைக்கவும் அக்காலத்தில் அதைச் சேர்த்தார்கள். தோரியத்தின் கதிர்வீச்சு, பல ஆண்டுகளில் கண்ணாடிக்குள் ஒளியை விழுங்கும் நுண்பழுதுகளை உண்டாக்குகிறது, அதுதான் மஞ்சள். புறஊதாக் கதிர் அந்தப் பழுதுகளை ஆற்றிவிடும். சில வாரம் வெயிலில் வைத்தால் தெளியும். யாழ்ப்பாண வெயிலுக்கு இது சின்ன வேலை. ஒரு முனையை அலுமினியத் தாளால் மூடிவிட்டு வையுங்கள். திறந்துவிட்டால் வில்லை வெயிலைக் குவித்துத் தீமூட்டும். அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. கமராவில் பூட்டிப் படமெடுப்பதில் அச்சப்பட ஒன்றுமில்லை.

வாடைக்காற்று தரும் சோதனை

தை மாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். வடக்கே கடலைப் பார்த்த கரையில் ஏற்றிய பட்டங்கள் காற்றோடு தரைப்பக்கமாக, தென்மேற்கு நோக்கிச் சாயும். பின்னேரச் சூரியனும் அங்கேதான் இருக்கும். பட்டத்தைப் பார்த்துக் கமராவைத் தூக்குபவர் வெயிலையும் சேர்த்தே பார்க்கிறார்.

பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் சுமார் 4 வீத ஒளி தெறித்துப்போகும். ஹீலியொசில் வளியைத் தொடும் முகங்கள் எட்டு. பூச்சே இல்லாதிருந்தால் உள்ளே வரும் ஒளியில் 72 வீதமே நேராகப் போய்ச்சேரும். மிச்சத்தில் ஒரு பங்கு கண்ணாடிகளுக்கிடையே முட்டிமோதி, வெண்புகையாகப் படத்தின் மேல் விழும். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த மெல்லிய மேற்பூச்சு இந்தத் தெறிப்பைப் பெருமளவு குறைத்தது. ஹீலியொசிலும் பூச்சு உண்டு, ஆனால் இன்றைய பல அடுக்குப் பூச்சுகளின் வலிமை அதற்கில்லை. பூஞ்சண இழையும் கிறீஸ் படலமும் சேர்ந்தால் வெயிலை நோக்கிய படம் வெளுத்துவிடும். உட்கண்ணாடியைச் சுத்தம் செய்து, முன்னால் ஒரு நிழற்குழல் மாட்டுவதால் வரும் வித்தியாசம், வேறெந்தத் திருத்தத்தாலும் வராது.

கமராவிலும் இரண்டு வேலை உண்டு. மின்தொடர்பு இல்லாத வில்லையைக் கமரா அடையாளம் காணாது. வில்லை இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பைப் பட்டியலில் தேடித் திறந்துவிடுங்கள். கைநடுக்கத்தைச் சமன்செய்யும் உணரி என்றால் 58 என்ற எண்ணை நீங்களே கொடுக்க வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் அது நடுக்கத்தைக் கூட்டிவிடவும் கூடும்.

திருத்தக் கூடாத ஒன்று

ஹீலியொசில் ஒரு குணம் இருக்கிறது. துவாரத்தை முழுவதும் திறந்து, பின்னணியில் இலைகளுக்கிடையே வானம் தெரியும் மரத்தை வைத்து ஓர் ஆளை எடுத்தால், பின்னணி அவரைச் சுற்றிச் சுழல்வதுபோல விழும். படத்தின் நடுவில் மங்கலான ஒளிப்புள்ளிகள் முழு வட்டமாக இருக்கும். ஓரத்துக்குச் சாய்வாக வரும் ஒளியை வில்லையின் முன்பின் வளையங்கள் ஒரு பங்கு மறைத்துவிடுவதால், அங்கே வட்டங்கள் ஒடுங்கி நடுவைச் சுற்றி வரிசைகட்டும். வில்லையின் வளைந்த குவியப்பரப்பும் அதைத் தூண்டும். இன்றைய வில்லை வடிவமைப்பாளர்கள் பெரும் முயற்சியோடு நீக்குகிற குறை இது. இதற்காகவே ஹீலியொசைத் தேடி வாங்குகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நானும்.

இது அழுக்காலோ பழுதாலோ வருவதில்லை, எவ்வளவு துடைத்தாலும் போகாது. எஃப் 5.6க்குச் சுருக்கினால் வளையங்கள் மறைப்பது நின்று சுழல் அடங்கிவிடும். அதை வேண்டுமென்றே காண விரும்பினால் பனங்கூடலைத் தேர்ந்தெடுங்கள். ஓலை நறுக்குகளுக்கிடையே வானம் துண்டுதுண்டாகத் தெரியும் இடம் அது. ஆளை இரண்டு மீற்றரில் நிறுத்துங்கள், பனைகள் அவருக்குப் பின்னால் பத்து மீற்றருக்கு அப்பால் இருக்கட்டும், துவாரம் எஃப் 2இல் நிற்கட்டும்.